சினிமா ரெப்லிகாவுக்கு வீட்டிலேயே மெருகு: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார் வார்ஸ் படத்து ஒளிவாளான லைட்சேபரின் கைப்பிடியோ, படத்தில் ராஜா ஏந்திய வாளோ, கேடயமோ, உலோகத்தில் செய்த ரெப்லிகா (நகல்) ஒன்றை மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்குகிறோம். பெட்டியைத் திறந்த அன்று கண்ணைப் பறிக்கிறது. பினாங்குக் கடற்காற்றில் ஒரு வருடம் அலமாரியில் இருந்த பிறகு எடுத்துப் பார்த்தால் முலாம் கொப்பளித்திருக்கிறது, பித்தளையில் களிம்பு ஏறியிருக்கிறது, திருகாணியைச் சுற்றித் துரு. தூக்கிப் போட மனம் வராது. பாயான் பாருவில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு வார இறுதியில் இப்படி ஒரு பொருளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தம்பி தங்கைகள் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பட்டறை எதுவும் என்னிடம் இல்லை. சமையலறை மேசை, ஒரு டிரில், ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான்.

அண்ணே, எந்த பெயிண்ட் வாங்கணும்னு கேட்டா நீங்க ஏன் காந்தத்தை எடுக்கிறீங்க?

பெயிண்ட் கடைசிக் கேள்வி, தம்பி. முதல் கேள்வி, கையில் இருப்பது என்ன உலோகம் என்பது. விற்பவர் "மெட்டல்" என்று மட்டும் போட்டிருப்பார். அது அலுமினியமாக இருக்கலாம். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்ததாக இருக்கலாம். பித்தளை, எவர்சில்வர், சாதாரண இரும்பு, எதுவாகவும் இருக்கலாம். ஒரே கைப்பிடியில் மூன்று உலோகம் இருப்பதும் உண்டு. பித்தளைக்கு நல்லது செய்யும் பொருள் துத்தநாகத்தைத் தின்றுவிடும். இரும்பில் எடுபடும் வழி அலுமினியத்தைக் கறுக்க வைத்துவிடும்.

காந்தம் பலமாக ஒட்டினால் இரும்பு. லேசாக இழுத்தால் மேலே நிக்கல் முலாம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒட்டவே இல்லை என்றால் எவர்சில்வர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எவர்சில்வரில் பல வகைகளில் காந்தம் ஒட்டாது.

அடுத்தது எடை. பாகத்தைக் கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அளவு போட்ட ஜாடியில் தண்ணீர் ஊற்றி, பாகத்தை முழுக்க மூழ்கடித்து, தண்ணீர் எத்தனை மில்லி ஏறியது என்று பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது, குழாயாக இருந்தால் சாய்த்துச் சாய்த்து வெளியேற்றுங்கள். கிராமை மில்லியால் வகுத்தால் போதும். 2.7 பக்கம் வந்தால் அலுமினியம். 6.6, 6.7 என்றால் துத்தநாகக் கலவை. 7.8 பக்கம் இரும்பு அல்லது எவர்சில்வர். 8.5 பக்கம் பித்தளை. "அசல் பித்தளை" என்று விற்ற ஒரு கைப்பிடியின் அடிமூடியை இப்படி நிறுத்துப் பார்த்தேன். 332 கிராம் இருந்தது, தண்ணீர் 50 மில்லி ஏறியது. வகுத்தால் 6.6. பித்தளை நிறத்தில் முலாம் போட்ட துத்தநாகம் அது. புளி போட்டுத் தேய்த்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால், வெளியே தெரியாத உட்பக்கத்தில் ஊசியால் ஒரு கோடு இழுங்கள். உள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை என்றால் மற்றவை.

உள்ளே பேட்டரி, லைட், சத்தம் எல்லாம் இருக்கே. கழற்றணுமா?

ஆம், எல்லாவற்றையும். லித்தியம் பேட்டரியை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். அதன்மேல் தண்ணீரோ உலோகத் தூளோ படக் கூடாது. கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், திரும்பப் பூட்டும்போது உங்களுக்கே நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

பழைய பூச்சை எப்படி எடுப்பது?

பூச்சு என்ன என்பதைப் பொறுத்தது. பித்தளைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் அடித்திருக்கும் வார்னிஷ், சாதாரண ஸ்பிரே பெயிண்ட் இரண்டுக்கும் அசிட்டோன் என்ற கரைப்பான் போதும். பஞ்சில் நனைத்து, பாகத்தின்மேல் போர்த்தி, பிளாஸ்டிக் உறையால் ஐந்து நிமிடம் மூடி வைத்துத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும். கறுப்புப் பிடிப்பட்டைகள் பிளாஸ்டிக் என்றால் முதலிலேயே கழற்றிவிடுங்கள், அசிட்டோன் பட்டால் பல பிளாஸ்டிக்குகள் இளகிவிடும்.

அடைப்பு நீக்கும் தூள், அடுப்புக் கறை நீக்கும் ஸ்பிரே இரண்டிலும் காஸ்டிக் சோடா இருக்கும். பெயிண்ட் நன்றாக உரியும் என்று யாராவது சொன்னால், இரும்புக்கு மட்டும் அது சரி. அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் கூடவே கூடாது. ஆரம்ப காலத்தில் நான் ஓர் அலுமினிய மூடியை அந்தத் தூள் கரைத்த வெந்நீரில் போட்டுவிட்டு, தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது பாத்திரம் சோடா போலப் பொங்கிக்கொண்டிருந்தது. மேலே எழுந்தது ஹைட்ரஜன், ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். இடுக்கியால் வெளியே எடுத்தேன். மூடி கறுத்திருந்தது. கழுவிப் பூட்டப் போனால் மரை பிடிக்கவில்லை, மரையின் முனைகளையே கரைசல் தின்றிருந்தது. அந்தக் கைப்பிடியை இன்றும் பசை போட்டுத்தான் மூடி வைத்திருக்கிறேன்.

கழிவறை சுத்தம் செய்யும் அமிலமும் வேண்டாம். அதிலும் அதை குளோராக்ஸ் வெளுப்பானோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும்.

அலுமினியத்தில் கறுப்போ சிவப்போ அனோடைஸ் செய்திருந்தால் அது மேலே பூசிய நிறம் அல்ல. உலோகத்தின் மேல்தோலையே ஆக்ஸைடாக மாற்றி அதில் ஏற்றிய நிறம். அசிட்டோனுக்கு அசையாது. வீட்டில் செய்வதென்றால் ஈர உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து எடுப்பதுதான் வழி.

அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பாங்களே. அதையே செய்யலாமா?

உண்மையான பித்தளை, செம்பு என்றால் தாராளமாகச் செய்யலாம். கடையில் விற்கும் பாலீஷை விட நான் முதலில் எடுப்பது புளியைத்தான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும், நல்ல உலோகத்தை மெதுவாகத்தான் தொடும். அந்த மெதுவில்தான் நமக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது.

எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊற வைத்து, கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கெட்டியாகக் கரையுங்கள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் பொருளின் பிசுக்கை எடுத்துவிடுங்கள். வார்னிஷ் இருந்தால் அசிட்டோனில் எடுத்த பிறகே புளி, இல்லாவிட்டால் புளி வார்னிஷின் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். விரல் நுனியில் புளியை எடுத்து, சிறு சிறு வட்டமாக, ஒரு கையகல இடத்தில் மட்டும் தடவுங்கள். சில நொடிகளில் பழுப்புக் கரைசலின் ஓரம் பச்சையாக மாறும். களிம்பு இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். ஊறட்டும் என்று இரவெல்லாம் விட்டால் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் வெளியேறி, செம்பு மட்டும் நின்று, ரோஜா நிறத் திட்டு விழும். அதைத் திரும்ப மஞ்சளாக்க உப்புத்தாள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கழுவியதும் சோடா மாவு (பேக்கிங் சோடா) கரைத்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுங்கள், மிச்ச அமிலம் செத்துவிடும். துணியால் துடைத்து, தலை உலர்த்தும் கருவியால் இடுக்குகளிலிருந்து ஈரத்தை விரட்டுங்கள். கடைசியாக உலர்ந்த துணியில் விபூதி. என் அம்மா தண்ணீர்மலைக் கோவிலுக்குத் தைப்பூசத்தன்று எடுத்துப் போகும் சின்ன வேலாயுதத்தை இப்படித்தான் துடைப்பார். மெல்லிய சாம்பலுக்கு உலோகத்தைக் கீறாமல் மெருகேற்றும் குணம் உண்டு. வாசனை சேர்க்காத, நெருநெருப்பு இல்லாத விபூதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துத்தநாகத்துக்கும், பித்தளை நிற முலாமுக்கும் புளி கூடாது. இதை மறுபடி சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வரும் கெட்டுப்போன பொருட்களில் பாதி இந்தத் தவறால் வந்தவை.

உப்புத்தாள் எந்த எண்?

ஹார்ட்வேர் கடையில் "கெர்தாஸ் பாசிர், தண்ணீரில் போடுவது" என்று கேளுங்கள். கறுப்பாக இருக்கும். ஆழமான கீறலுக்கு 240, பிறகு 400, 600, 800, 1000. கண்ணாடி போல வேண்டுமென்றால் 1500, 2000, அதன்பின் ஆட்டோசால் என்ற மெருகுப் பசை. ஒவ்வோர் எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள்: 400-இல் நீளவாக்கு என்றால் 600-இல் குறுக்குவாக்கு. முந்தின கோடுகள் முழுதும் மறைந்தால்தான் அடுத்த எண்ணுக்குப் போகலாம். எண்ணைத் தாண்டிக் குதித்தால் கடைசியில் மெருகேறிய பரப்பின் அடியில் பழைய கீறல் பல்லிளிக்கும்.

குழாய் வடிவப் பாகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் மரக்கட்டையைச் செருகி, கட்டையின் மறுமுனையை டிரில்லில் மாட்டி, மெதுவான வேகத்தில் சுழல விடுங்கள். ஸ்காட்ச் பிரைட் துண்டைச் சும்மா பிடித்திருந்தால் போதும். குழாயைச் சுற்றி ஒரே சீராக நுண்கோடு விழும். கையுறையோ தொங்கும் நூலோ சுழலும் பாகத்தின் பக்கத்தில் போகக் கூடாது.

அலுமினியத்தின்மேல் இரும்புக் கம்பளி வேண்டாம். அதன் துகள்கள் மென்மையான உலோகத்தில் பதிந்து, நம் ஊர் ஈரத்தில் இரண்டே வாரத்தில் செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

குரோம் கொப்பளித்திருக்கிறது. கொப்பளத்தை மட்டும் சரி செய்ய முடியுமா?

குரோமாகவே சரி செய்ய முடியாது. அலங்காரக் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதன் கீழே இருக்கும் நிக்கல்தான் கனமான அடுக்கு. கொப்பளம் வந்தது என்றால் அடியில் துத்தநாகம் வெள்ளைப் பொடியாக அரித்துவிட்டது என்று பொருள். ஊசியால் திறந்து பாருங்கள், மாவு போலக் கொட்டும்.

அந்த மாவை முழுதும் சுரண்டி எடுங்கள். ஓரத்தில் நிற்கும் முலாமை 240 ஈர உப்புத்தாளால், நகத்தை இழுத்தால் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாகத் தேய்த்து இறக்குங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், நிக்கல் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. குழிகளை எபாக்ஸி புட்டியால் நிரப்பி, காய்ந்ததும் சமன் செய்து, உலோகத்தில் பெயிண்ட் பிடிக்க வைக்கும் எட்ச் பிரைமர் ஒரு கை, அதன்மேல் பெயிண்ட். குரோம் பளபளப்பு திரும்பி வராது என்று முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை. அச்சில் வார்த்த துத்தநாகத்துக்கு மங்கிய எஃகு நிறமே கௌரவமாக இருக்கிறது.

குரோம் முலாம் வீட்டிலேயே போடும் கிட் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பல குரோம் முலாம் குளியல்களில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் பொருள்.

முலாம் கடையில் கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று பேசிவிட்டுக் கொடுங்கள். முலாம் போடும் முன் சுழலும் பஃப் சக்கரத்தில் மெருகேற்றுவார்கள். அவர்கள் கைக்குப் பழகியது மோட்டார்சைக்கிள் புகைக்குழாயும் கார் பம்பரும். ஒரு முறை பிறை (Prai) ஊர்ப் பக்கம் ஒரு கடையில் பித்தளைக் கைப்பிடி ஒன்றைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நிலவு போல மின்னியது. ஆனால் குழாயில் பொறித்திருந்த சிறிய எழுத்துகள் பாதி அழிந்திருந்தன, கூரான விளிம்புகள் எல்லாம் சோப்புக் கட்டி போல உருண்டிருந்தன. முலாமை மறுபடி போட்டுக்கொள்ளலாம். போன விளிம்பு போனதுதான். அன்றிலிருந்து மெருகை நானே கையால் முடித்து, "சக்கரம் வேண்டாம், முலாம் மட்டும் போடுங்கள்" என்று தாளில் எழுதிப் பொருளோடு கட்டிக் கொடுக்கிறேன்.

மோதிர அளவுள்ள சிறு பாகங்களுக்குத் தங்க முலாம் வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவில் நகைவேலை செய்யும் பத்தர்களைக் கேட்டுப் பாருங்கள். சின்னப் பொருளின் விளிம்பை மதிக்கத் தெரிந்த கைகள்.

கதவு, கிரில் செய்யும் இடங்களில் பவுடர் கோட்டிங் அடிப்பார்கள், பெயிண்ட் பொடியைத் தூவிச் சூளையில் உருக்கிப் பூசுவது அது. இரும்புக் கேடயத்துக்கு அருமை. சூளை 200 பாகை செல்சியஸ் வரை போகும் என்பதால் பசையில் ஒட்டிய பாகங்கள் கழன்றுவிடும். வார்ப்புத் துத்தநாகத்தில் சிக்கியிருக்கும் காற்று வெளியேறிப் பூச்சில் குமிழ் விடும்.

பைலாக்ஸ் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் பால் ஊற்றியது போல வெளுத்துப் போகிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். வெளிநாட்டுக் காணொளிகளில் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள், அவர்கள் ஊரில் காற்று உலர்ந்திருக்கிறது.

ஸ்பிரேயில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்ந்தால், ஐஸ் போட்ட டம்ளரின் வெளியே நீர் கோர்ப்பது போல, காற்றின் ஈரம் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். அந்த ஈரத்தின் வெண்மையைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். மேல்பூச்சாக அடிக்கும் நிறமற்ற கிளியரில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் நான் அடிப்பேன். பினாங்கில் விடிகாலை நேரம் குளிர்ச்சியாக இதமாக இருக்கும், ஆனால் ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். வெயில் ஏறிய பிறகு, பகல் 11 மணியிலிருந்து 3 மணிக்குள், மழை வாசனை இல்லாத நாளாகப் பார்த்து அடியுங்கள். பாகத்தைக் கையில் தொட்டால் இளஞ்சூடு தெரியும் அளவுக்குத் தலை உலர்த்தும் கருவியால் சூடாக்குங்கள். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தலாம், அடுப்பின் அருகே கொண்டு போகவே கூடாது. 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய கையாக, பத்து நிமிட இடைவெளியில் நாலைந்து முறை. ஒரே கையில் மூடிவிட வேண்டும் என்ற ஆசை வந்தால் டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? பதற வேண்டாம். உலர்ந்த நாளில், சூடாக்கிய பாகத்தின்மேல் அதே கிளியரை மூடுபனி போல ஒரு கை அடித்தால், புதுத் தின்னர் பழைய பூச்சை இளக்கி, சிக்கிய ஈரத்தை வெளியே விடும். பல நேரம் இதிலேயே தெளிந்துவிடும்.

வெளுப்பதற்கு அடுத்த எதிரி விரல் ரேகை. பிரைமருக்கு முன் அசிட்டோனால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். தொட்ட இடத்தில் மூன்று மாதம் கழித்து விரல் வடிவத்திலேயே பூச்சு உரிந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபிளாட்டில் எங்கே வைத்து அடிப்பது?

பெரிய அட்டைப்பெட்டியைப் படுக்க வைத்து, உள்ளே கம்பியில் பாகத்தைத் தொங்கவிட்டு, காற்று வெளியே போகும் பக்கமாகப் பால்கனியில் அடியுங்கள். பொது நடைபாதையில் அடிப்பதென்றால் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். துணி காயப்போட்டிருக்கும் ஆன்டிக்கு நீங்கள் கடன்பட்டுவிடக் கூடாது. டப்பாவிலிருந்து பீய்ச்சும் வாயு பெரும்பாலும் சமையல் எரிவாயு வகைதான். அதனால் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் அணைந்த பிறகே தொடங்குங்கள். ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகமூடி போடுங்கள், துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. மோட்டார்சைக்கிள் சாமான் கடையில் கிடைக்கும் டூ-கே கிளியர், அதாவது இறுக்கும் திரவம் சேர்த்து அடிக்கும் கிளியர், மிக உறுதியானது, ஆனால் அதில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கிறது. முகமூடி இல்லாமல் அதை ஒரு முறைகூட அடிக்க வேண்டாம்.

தங்க நிறம் ஏன் என் கையில் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது?

பத்துமலை முருகன் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். 42.7 மீட்டர் உயரம், 2006-இல் திறந்தபோது 300 லிட்டர் தங்க நிறப் பெயிண்ட் பிடித்தது. வெயிலில் தூரத்திலிருந்து பார்ப்பதால் அது ஜொலிக்கிறது. கையில் பிடிக்கும் பொருளைக் கண் ஒரு முழத் தூரத்தில் பார்க்கிறது, அங்கே பெயிண்டின் துகள் தெரிந்துவிடும். பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சின்மேல் தங்கத்தை மெல்லியதாக அடித்தால் ஆழம் வரும். அதன்மேல் கிளியர் அடித்தால் மினுப்பு சற்று இறங்கும், எனவே முதலில் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

படத்தில் இருப்பது போல, பயன்படுத்திப் பழசானது போல எப்படிக் கொண்டுவருவது?

முதலில், அந்தப் பொருள் எதிலிருந்து பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அரங்கப் பொருள்களைச் செய்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு கேமராக் கடையில் கிடைத்த கிராஃபிளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடியைத்தான் கதாநாயகன் லூக்கின் லைட்சேபராக மாற்றினார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பழைய பெரிய கேமராவின் பக்கத்தில் மாட்டிப் பிடித்த குழாய் அது. அதில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கால்குலேட்டரின் குமிழ்க் கண்ணாடித் துண்டு ஒன்றைச் செருகினார், கைப்பிடி தயாராகிவிட்டது. ஆக, அதில் இருக்க வேண்டிய தேய்மானம் போர்க்கள வாளின் தேய்மானம் அல்ல. வியர்த்த உள்ளங்கை வருடக்கணக்கில் பிடித்த, கேமராப் பையில் மற்ற சாமான்களோடு உரசிய ஒரு கருவியின் தேய்மானம்.

அதே படத்தில் லூக்கின் குருவான பென் கெனோபியின் கைப்பிடி இன்னும் சுவாரசியம். முதலாம் உலகப் போர்க்கால ரைஃபிள் எறிகுண்டு ஒன்று, ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் குழாய்த் துண்டு, பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் முனைப் பாகம், தண்ணீர்க் குழாயைத் திருகும் கைப்பிடி. வேறு வேறு வயது, வேறு வேறு வேலை. இதன் ரெப்லிகாவை முழுதும் ஒரே மெருகில் முடித்துக் கொண்டுவருகிறார்கள், பார்த்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். குளியலறையில் ஆயிரம் கைகள் திருகிய குமிழும், போரில் பயன்பட்ட எறிகுண்டும் ஒரே மாதிரி மின்னுமா? ஒவ்வொரு பாகத்தையும் கழற்றித் தனித்தனியாக முடியுங்கள். ஒன்றுக்கு 600 வரை போதும், இன்னொன்றுக்கு 2000 வரை போங்கள், மூன்றாவதைக் கருக்கிவிடுங்கள். பூட்டிய பிறகு, செய்தவர் யாரும் சொல்லாமலேயே பொருள் தன் கதையைச் சொல்லும்.

தேய்மானம் எங்கே விழும் என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது. பெயிண்ட் அடிக்கும் முன், கட்டைவிரலில் கொஞ்சம் கரித்தூளைத் தடவிக்கொண்டு, பொருளைப் படத்தில் பிடிப்பது போலப் பத்து முறை எடுத்துப் பிடித்து, இடுப்பில் மாட்டி, மேசையில் வைப்பேன். கரி ஒட்டிய இடங்கள்தான் தேய வேண்டிய இடங்கள். என் கட்டைவிரல் எப்போதும் குழாயை இறுக்கும் கிளாம்ப்பின் இடது ஓரத்தில் ஒரு பிறை வடிவத்தை விட்டுப் போகும். அந்தப் பிறையை மட்டும் 1000 தாளால் மெல்ல உலோகம் தெரியத் தேய்ப்பேன். பள்ளங்களில் கை படாது. அங்கே கறுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மேலே துடைத்துவிட்டால் அழுக்கு தங்கிய தோற்றம் கிடைக்கும். அரத்தை எடுத்துக் கண்டபடி ராவாதீர்கள். ஒரே நீளத்தில் ஒரே ஆழத்தில் விழுந்த பத்துக் கீறல்கள் யாரையும் ஏமாற்றாது.

இன்னொன்று. ஒரே படத்தில் நெருக்கக் காட்சிக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று என்று பல பிரதிகள் இருக்கும். ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துச் செய்யுங்கள்.

பித்தளையைக் கருக்க ரசாயனம் இல்லாத வழி உண்டா?

அவித்த முட்டை. கெட்டியாக அவித்து, சூட்டோடு மசித்து, மூடும் டப்பாவில் பாகத்தோடு வையுங்கள், ஒன்றையொன்று தொட வேண்டாம். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு உலோகத்தை மெல்லப் பழுப்பாக்கும். செம்புக்கும் வெள்ளிக்கும் வேகமாக எடுபடும். பித்தளைக்கு ஓர் இரவாவது வேண்டும், இரண்டாவது முட்டையும் தேவைப்படலாம். நிறம் பிடித்ததும் மேடான இடங்களை ஸ்காட்ச் பிரைட்டால் லேசாகத் தொட்டுத் திறந்துவிடுங்கள்.

முடித்த பிறகு எப்படிப் பாதுகாப்பது?

மெருகேற்றிய பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நான் கிளியர் அடிப்பதில்லை, மெழுகுதான். ரெனசான்ஸ் வாக்ஸ் என்பது பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவாக்கிய மெழுகு; கிடைக்காவிட்டால் மெருகுத்தூள் கலக்காத கார் வாக்ஸ் பரவாயில்லை. பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகத் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும்.

வைக்கும் இடம் இன்னும் முக்கியம். புதிய பிளைவுட், எம்டிஎஃப் அலமாரியிலிருந்து கசியும் அமில ஆவி துத்தநாகத்தையும் ஈயத்தையும் அரிக்கும். கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த அலமாரி நல்லது. பாகங்களைக் கட்ட ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் பட்ட இடத்தில் கறுப்பு வளையம் விடும். சிலிகா ஜெல் பைகள் வையுங்கள். பேரங்காடியில் விற்கும், ஈரத்தை உறிஞ்சி அடியில் தண்ணீர் சேர்க்கும் டப்பாக்களை அதே தட்டில் வைக்க வேண்டாம். அந்தத் தண்ணீர் கால்சியம் குளோரைடு கரைசல், கவிழ்ந்தால் இரும்பைச் சும்மா விடாது.

கோலாலம்பூரில் நடக்கும் ரசிகர் கூட்டத்துக்கு எடுத்துப் போகலாமா?

லைட்சேபர் கைப்பிடியில் சிக்கல் வராது. வாள் என்றால் விளிம்பை மழுக்கியே வையுங்கள், உறையிலும் பையிலும் மூடி எடுத்துப் போங்கள். பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் ஏந்துவதைத் தடுக்க 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கி ரெப்லிகாவை நான் தொடுவதே இல்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. காமிக் ஃபியஸ்டா போன்ற விழாக்களுக்குப் போகிறீர்கள் என்றால், உலோகப் பொருள் பற்றிய அவர்கள் விதியை டிக்கெட் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பழைய ஃபிளாஷ் கைப்பிடி கிடைத்தது. அசல் போலிருக்கிறது. இதையும் புதுப்பித்துத் தருவீர்களா, அண்ணே?

மாட்டேன் தம்பி, நீங்களும் செய்யாதீர்கள். ரெப்லிகாவை எத்தனை முறை வேண்டுமானாலும் உரித்துப் பூசலாம். அசல் குழாயில் இருக்கும் கீறல் யாரோ ஒரு புகைப்படக்காரரின் கை போட்டது. அதை உப்புத்தாளால் எடுத்துவிட்டால் மறுபடி போட ஆள் இல்லை. பழைய ராணுவ உதிரிகளில் மங்கிய மஞ்சள் பூச்சு இருந்தால் அது காட்மியமாகவும் இருக்கலாம், தேய்த்தால் அந்தத் தூள் நஞ்சு.

சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பின்மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். மூன்று பெரிய டி பேட்டரி போகும் குழாய் அது, பலவற்றில் பழைய பேட்டரி கசிந்து காய்ந்திருக்கும். பழைய கரி பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது, சோடா மாவுத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு எடுங்கள். ஆல்கலைன் என்றால் வினிகர் சில சொட்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக உலர்த்தி, உள்ளும் புறமும் மெழுகு தடவி, மூடியைப் பாதி மரையில் தளர்வாக விட்டு வையுங்கள்.